பச்சை நரகத்தில் ஒரு சொட்டு எண்ணெய்

ஜெர்மனியின் மேற்குப் பக்கத்தில் ஐஃபெல் என்றொரு மலைப்பிரதேசம். ஊசியிலைக் காடு, பசு மாடு, சர்ச் மணி, நாலே தெரு உள்ள கிராமங்கள். நம்ம ஏற்காட்டைத் தூக்கி ஃப்ரிட்ஜில் வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி! அங்கே ஒரு பழைய கோட்டையின் காலடியில் நூர்புர்க் என்று ஒரு குட்டி ஊர். அந்த ஊரைச் சுற்றி 20.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தார்ச்சாலை மலையேறி, பள்ளத்தில் விழுந்து, 73 வளைவு வளைந்து, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. எங்கேயும் போகாத ரோடு. அதில் போக, காசைக் கையில் வைத்துக்கொண்டு க்யூவில் நிற்கிறார்கள் ஜனங்கள்.

அதுதான் நூர்புர்க்ரிங் பந்தயத் தடம். அதன் பழைய நீண்ட பகுதிக்குப் பெயர் நோர்ட்ஷ்லைஃபே. (இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கினால் நான் பொறுப்பில்லை.) 1925-ல் இந்த வட்டாரத்தில் வேலையில்லாத் திண்டாட்டம். ஜனங்களுக்கு வேலை கொடுத்த மாதிரியும் ஆச்சு, கார் ஓட்டிப் பார்க்க ஒரு தடம் கிடைத்த மாதிரியும் ஆச்சு என்று வெட்ட ஆரம்பித்து, 1927 ஜூனில் திறந்துவிட்டார்கள். 1968-ல் கொட்டுகிற மழையிலும் பனிமூட்டத்திலும் இங்கே நான்கு நிமிஷ வித்தியாசத்தில் ஜெயித்தார் ஜாக்கி ஸ்டூவர்ட். 'பச்சை நரகம்' என்று இதற்குப் பெயர் வைத்தவர் அவர்தான். 1976 ஆகஸ்ட் 1-ம் தேதி நிக்கி லாடாவின் ஃபெராரி தீப்பற்றி எரிந்ததும் இங்கேதான். மனிதர் ஆறே வாரத்தில் தலையில் கட்டோடு மறுபடி பந்தயத்துக்கு வந்துவிட்டார். ஃபார்முலா ஒன் மட்டும் அதற்கப்புறம் இந்த நீண்ட தடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பந்தயம் இல்லாத நாட்களில் இது காசு கொடுத்துப் போகும் ஒருவழிச் சாலை. ஒரு சுற்றுக்கு முப்பது முப்பத்தைந்து யூரோ. லைசென்ஸும், ரோட்டில் ஓடத் தகுதியான காரும் இருந்தால் போதும், யாரும் போகலாம். ஜெர்மன் போக்குவரத்துச் சட்டம்தான் இங்கும். வலது பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும், முந்துகிறவர் இடது பக்கமாகத்தான் முந்த வேண்டும். நேரம் பார்த்து ரேஸ் விடுவதற்குத் தடை. தடுப்புக் கம்பியில் இடித்தால் கம்பிக்கும், இழுத்துப் போகும் வண்டிக்கும் உங்களுக்குத்தான் பில் வரும். நான் பி.காம். ஆனதால் மற்ற விஷயங்களைவிட இந்த விஷயம் சட்டென்று மனதில் பதிந்தது.

*

என்னை அங்கே அழைத்துப் போனவர் என் அத்தை மகன். கொலோன் நகரத்தில் வேலை. அங்கிருந்து நூர்புர்க் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். பிரம்மச்சாரி. சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிறார், மீதிப் பாதியை ஒரு காருக்குப் போடுகிறார். பி.எம்.டபிள்யூ. எம்3, 'ஈ46' என்று ரசிகர்கள் சொல்கிற மாடல். 2000-லிருந்து 2006 வரை வந்தது. 3.2 லிட்டர், ஆறு சிலிண்டர், நிமிஷத்துக்கு 8,000 சுற்று வரை கத்துகிற எஞ்சின்.

"எட்டாயிரம்னா என்ன அத்தான்? பெரிய நம்பரா?" என்று கேட்டேன்.

"ஒரு செகண்டுக்கு 133 தடவை பிஸ்டன் மேல போய்க் கீழ வருது மாப்ளே. ஒரு தடவைக்கு 91 மில்லிமீட்டர் ஏத்தம், 91 மில்லிமீட்டர் இறக்கம். சராசரியா செகண்டுக்கு 24 மீட்டர் வேகம். அந்த ஆட்டத்தைத் தாங்கற பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவுல என்ன இருக்கு தெரியுமா? தலைமுடிய விட மெல்லிசா ஒரு எண்ணெய்ப் படலம். அவ்வளவுதான். அது கிழிஞ்சா இரும்பும் இரும்பும் முத்தம் கொடுக்கும். அப்புறம் எனக்குக் கல்யாணம் இன்னும் மூணு வருஷம் தள்ளிப் போகும்."

ஞாயிற்றுக்கிழமை நூர்புர்க் போவதாகத் திட்டம். அதற்கு முன் சனிக்கிழமை எண்ணெய் மாற்ற வேண்டும் என்றார். ஜெர்மனியில் வீட்டு வாசலில் காரை நிறுத்திக்கொண்டு எண்ணெயை இறக்க முடியாது, பக்கத்து வீட்டுப் பாட்டி போலீஸைக் கூப்பிட்டுவிடுவாள். அதற்காகவே மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒர்க்‌ஷாப்புகள் இருக்கின்றன. காரைத் தூக்கும் லிஃப்டும் ஸ்பானரும் அவர்களுடையது, வேலையும் முதுகு வலியும் நம்முடையது. பழைய எண்ணெயைச் சாக்கடையில் விடுகிற பேச்சே கிடையாது. எவ்வளவு வாங்கினோமோ அந்த அளவுக்குப் பழைய எண்ணெயை, விற்ற கடையே காசு வாங்காமல் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று சட்டம். பெட்ரோல் கணக்கு எழுதாத அத்தான்கூட எண்ணெய் ரசீதைப் பத்திரமாகப் பர்ஸில் வைத்திருந்தார்.

அதற்கு முன்னால் எண்ணெய் வாங்கப் போன கடை இருக்கிறதே... ஒரு சுவர் பூராவும் எண்ணெய் டப்பா! தி.நகர் ஜவுளிக்கடையில் புடவை அடுக்கின மாதிரி. தங்கக் கலர், சிவப்பு, நீலம், பச்சை. ஒன்றில் ரேஸ் கார் படம், ஒன்றில் புலி மாதிரி ஏதோ. நம் ஊர் ஆசாமி என்ன செய்வான்? இருப்பதிலேயே விலை அதிகமானதைக் காட்டி, "இதக் குடுங்க" என்பான். அத்தான் டப்பாவின் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். மளிகைச் சாமான் டப்பாவில் காலாவதித் தேதி தேடுகிற மாமி மாதிரி.

"முன்பக்கம் விளம்பர டிபார்ட்மென்ட் எழுதினது. பின்பக்கம் கெமிஸ்ட் எழுதினது" என்றார்.

*

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பரீட்சை கிடையாது, பயப்படாதீர்கள்.

எண்ணெய் டப்பாவில் 0டபிள்யூ-40, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-60 என்று ஏதாவது போட்டிருக்கும். 'டபிள்யூ' என்பது விண்டர், குளிர்காலம். முதல் எண், குளிரில் அந்த எண்ணெய் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. எண் குறையக் குறையக் குளிருக்கு நல்லது. 0டபிள்யூ எண்ணெயைச் சோதிப்பது மைனஸ் 35 டிகிரியில், 10டபிள்யூ எண்ணெயை மைனஸ் 25-ல். இரண்டாவது எண், எண்ணெய் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதற்கு. 40 என்றால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை. 60 என்றால் 21.9 முதல் 26.1 வரை. இட்லி மாவு, தோசை மாவு, ரவா தோசை மாவு என்று நம் வீட்டில் கரண்டியால் பார்க்கிறோமே, அதையேதான் லாபரட்டரியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள்.

எண்ணெயை உருக்குவது சூடு. தினசரி ஆபீஸ் போகிற காரில் எண்ணெய் நூறு டிகிரி பக்கத்தில் சமர்த்தாக இருக்கும். நோர்ட்ஷ்லைஃபேயில் மலை உச்சிக்கும் பள்ளத்துக்கும் உயர வித்தியாசமே சுமார் 300 மீட்டர். அதில் எஞ்சினை முறுக்கிக்கொண்டு ஏறினால் எண்ணெய் 120, 130 டிகிரிக்குப் போகும். அந்தச் சூட்டில் மெல்லிய எண்ணெய் ரசம் மாதிரி ஆகிவிடும், படலம் கிழியும். 'ஈ46' எம்3-க்கு பி.எம்.டபிள்யூ. சொல்வது 10டபிள்யூ-60. சும்மா சொல்லவில்லை. 2001 முதல் 2003 வரை வந்த கார்களில் கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்து எஞ்சின் போன கதைகள் உண்டு. கம்பெனியே கார்களைக் கூப்பிட்டு பேரிங் மாற்றிக் கொடுத்த எஞ்சின் அது.

"அப்படின்னா எல்லா ஸ்போர்ட்ஸ் காருக்கும் கெட்டி எண்ணெய்தான் உசத்தின்னு சொல்லுங்க."

"அதான் இல்ல. போர்ஷே ஃபேக்டரியிலேருந்து வெளிய வரும்போதே மொபில் 1 ஊத்தி அனுப்பறான், 1996-லேருந்து. ரொம்ப நாளா அவன் புக்குல இருக்கறது 0டபிள்யூ-40. நிஸ்ஸான் ஜி.டி-ஆர்னு ஒரு ராட்சசன், ரெட்டை டர்போ, அவனுக்கும் 0டபிள்யூ-40. இவ்வளவு ஏன், என் கார் பேரையே வச்சுக்கிட்டு 2014-ல ஒரு எம்3 வந்துச்சு. டர்போ எஞ்சின். அவனுக்கு இந்த 10டபிள்யூ-60 ஆகாது, மெல்லிசான எண்ணெய்தான். அவனோட பேரிங் இடைவெளி வேற, பம்ப் வேற. ஒரே பேரு இருந்தா ஒரே மருந்து குடுப்பியா? தெருவுல நாலு சுப்பிரமணி இருக்கான். ஒருத்தனுக்கு சர்க்கரை, ஒருத்தனுக்கு பி.பி."

கெட்டி எண்ணெய்க்கு ஒரு விலையும் இருக்கிறது. காலைக் குளிரில் அது சாவகாசமாகத்தான் எழுந்திருக்கும். அதற்காகவே இந்தக் காரின் சுற்று மீட்டரில் சின்னச் சின்ன ஆரஞ்சு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, 'இதற்கு மேல் மிதிக்காதே' என்று எச்சரிக்கும் விளக்குகள் நிறைய எரியும். எண்ணெய் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணையும். எல்லாம் அணைகிறவரை அத்தான் ஆக்ஸிலரேட்டரைத் தொடும் விதமே தனி. மாப்பிள்ளை அழைப்பில் நடக்கிற மாதிரி பதவிசாகப் போவார்.

பிராண்டு விஷயத்துக்கும் வருகிறேன். இந்த எஞ்சினுக்கு அந்தக் காலத்தில் கம்பெனி சொன்னது காஸ்ட்ரால். 2015-லிருந்து பி.எம்.டபிள்யூ. தன் எண்ணெய்க்கு ஷெல் கம்பெனிக்கு மாறிவிட்டது. டப்பா மாறியது, பெயர் மாறியது, 10டபிள்யூ-60 மட்டும் மாறவில்லை. பார்க்க வேண்டியது எந்த எழுத்தை என்று இதிலேயே தெரிகிறது அல்லவா?

காஸ்ட்ரால் என்றதும் ஒரு சமாசாரம். சார்லஸ் வேக்ஃபீல்டு என்பவர் 1899-ல் தொடங்கிய கம்பெனி அது. 1909-ல் புதிதாக ஒரு எண்ணெய் செய்தபோது அதில் காஸ்டர் ஆயில் கலந்தார்கள், அதனால் காஸ்ட்ரால். காஸ்டர் ஆயில் யார் என்று தெரிகிறதா? நம்ம விளக்கெண்ணெய்! சின்ன வயசில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவார்களே, அதுவே. சூட்டில் படலம் கிழியாமல் நிற்கும் குணம் அதற்கு உண்டு. முதல் உலகப் போர் விமானங்களில் சுழலும் எஞ்சின்களுக்கு அதைத்தான் ஊற்றினார்கள். எஞ்சின் அதை அப்படியே புகையாக விமானியின் முகத்தில் துப்பும். பாவம், சில விமானிகளுக்கு எதிரியின் துப்பாக்கியைவிடச் சொந்த வயிறுதான் பெரிய பிரச்னை. ஆமணக்கு விளைச்சலில் இன்றைக்கும் உலகத்தில் முதல் இடம் இந்தியாவுக்கு. பெரும்பகுதி குஜராத்தில் விளைகிறது. இதை அத்தானிடம் சொன்னபோது, அதுவரை பாடம் நடத்திய மனிதர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். எனக்கு அது போதும்.

*

எஞ்சின் எண்ணெய் வாங்கியாயிற்று, கிளம்பலாம் என்றால், அத்தான் அடுத்த அலமாரிக்குப் போய்விட்டார்.

"இன்னும் ரெண்டு இருக்கு மாப்ளே. கியர் பாக்ஸுக்கு ஒண்ணு, பின்னால டிஃபரன்ஷியலுக்கு ஒண்ணு."

"ஒரே எண்ணெயை எல்லாத்துக்கும் ஊத்தினா என்ன?"

"உங்கம்மா ஒரே எண்ணெயிலதான் வடை சுட்டு, தலைக்குத் தேச்சு, சாமிக்கு வெளக்கும் ஏத்துவாங்களா?"

நியாயம்தான். கியர் பாக்ஸில் இரண்டு எதிரெதிர் வேலைகள் நடக்கின்றன. பற்சக்கரம் பல்லோடு பல் உரசுகிற இடத்தில் எண்ணெய் வழுக்க வேண்டும். கியர் மாற்றும்போது இரண்டு சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையத்தில் எண்ணெய் வழுக்கக் கூடாது, பிடிக்க வேண்டும். ரொம்ப வழுக்கினால் வளையம் பிடிக்காது, கியர் கறமுறவென்று கத்தும். டிஃபரன்ஷியலில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிக்கொண்டே அழுத்தும். அங்கே கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த எண்ணெய் வேண்டும். மூடியைத் திறந்தாலே அழுகின முட்டை வாசனை அடிப்பது அந்தக் கந்தகம்தான். ஜி.எல்.-5 என்று டப்பாவில் போட்டிருப்பது இந்த ரகம். 'ஐந்து நான்கைவிடப் பெரிசு' என்று நினைத்து, ஜி.எல்.-4 கேட்கிற கியர் பாக்ஸில் இதை ஊற்றுகிறவர்கள் உண்டு. சிங்க்ரோ வளையம் பித்தளையாக இருந்தால் அந்த மருந்து அதையே அரிக்கலாம். பாயசத்துக்குப் பெருங்காயம் போட்ட கதை.

இந்த எம்3-ன் டிஃபரன்ஷியலுக்குள்ளே, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் கிளட்ச் தட்டுகள் வேறு இருக்கின்றன. அதனால் 75டபிள்யூ-140 எண்ணெயோடு, உராய்வைப் பக்குவப்படுத்தும் கலவையும் சேர்ந்த ரகமாக வேண்டும். அது இல்லாத எண்ணெயை ஊற்றினால் மெதுவாகத் திரும்பும்போது பின்பக்கம் யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி சத்தம் வரும்.

கியர் எண்ணெய் நம்பரைப் பார்த்து எஞ்சின் எண்ணெயோடு ஒப்பிடவும் கூடாது. இரண்டும் வேறு வேறு அளவுகோல். 90 என்று போட்ட கியர் எண்ணெய், 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ்தான். மேலே சொன்ன 60 நம்பர் எஞ்சின் எண்ணெய் அதைவிடக் கெட்டி! ரூபாயையும் டாலரையும் ஒரே பத்தியில் கூட்டினால் ஆடிட்டர் என்ன சொல்வார்? அதே கதை.

இரட்டைக் கிளட்ச் கியர் பாக்ஸ் வைத்த கார்கள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். போர்ஷே இதை 1980-களில் பந்தயக் கார்களில் ஓட்டிப் பழகி, 2008-ல் 911-க்குக் கொண்டுவந்தது. பி.டி.கே. என்று பெயர். அந்தப் பெட்டிக்குள் கிளட்சுக்கு ஓர் அறை, பற்சக்கரத்துக்கு ஓர் அறை. தனித்தனி எண்ணெய். கூட்டுக் குடும்பம், ஆனால் அடுப்பு தனித்தனி. கிளட்ச் எண்ணெயில்தான் தட்டுகளே மிதக்கின்றன. தட்டு எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் போட்டு வைத்திருக்கும் கணக்கு, அந்த எண்ணெயை நம்பிப் போட்ட கணக்கு. வேறு எண்ணெய் ஊற்றினால் கணக்கு உதைக்கும்.

இன்னொரு வேடிக்கை, 'வாழ்நாள் எண்ணெய்' என்ற வார்த்தை. சில கியர் பாக்ஸ்களில் 'மாற்றவே வேண்டாம், வாழ்நாளுக்கும் போதும்' என்று ஒட்டியிருப்பார்கள். யாருடைய வாழ்நாள் என்று சொல்ல மாட்டார்கள். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்களைத் தயாரிக்கும் இசட்.எஃப். கம்பெனியே 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. தேய்மானம் இல்லாத சொத்து உலகத்தில் உண்டா? நிலம் ஒன்றுதான் என்று எங்கள் அக்கவுன்டன்ஸி வாத்தியார் சொல்லியிருக்கிறார். எண்ணெய் நிலமல்ல.

*

சனிக்கிழமை சாயங்காலம், ஒர்க்‌ஷாப் மூடுகிற நேரம். அத்தான் எஞ்சின் எண்ணெயை இறக்கி, ஃபில்டரை மாற்றி, அடியில் இருக்கும் திருகைப் பூட்ட வேண்டும். திருகுக்கு ஒரு வாஷர் உண்டு. மோதிரம் மாதிரி, மெல்லிய உலோக வளையம். ஒரு தடவை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. அதனால் ஃபில்டர் டப்பாவிலேயே புது வாஷர் வைத்து விற்கிறார்கள். அந்தப் புது வாஷர் அத்தான் கையிலிருந்து நழுவி, டிங் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, தரையில் இருந்த கம்பி மூடிக்குள் போய்விட்டது. மூடுகிற நேரமானதால் ஒர்க்‌ஷாப்காரர் விளக்குகளை அணைத்துக்கொண்டே வருகிறார். மறுநாள் ஞாயிறு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அத்தான் பழைய வாஷரையே துடைத்துப் போட்டு இறுக்கினார். ஐந்தரை லிட்டர் புது எண்ணெய். லிட்டர் இருபது யூரோவுக்கு மேல்.

ஞாயிறு காலை நூர்புர்க்கில் வெயில். கோட்டை மேல் வெயில், பக்கத்து மலையில் மழை. ஒரே தடத்தில் இந்தப் பக்கம் காய்ந்தும் அந்தப் பக்கம் நனைந்தும் இருப்பது இங்கே சர்வசாதாரணம். 2024-ல் 24 மணி நேரப் பந்தயத்தின் பெரும்பகுதியைப் பனிமூட்டமே ஓட்டிவிட்டது! வண்டி நிறுத்துமிடத்தில் போர்ஷேக்கள், பழைய கோல்ஃப்கள், குழந்தை சீட் கட்டிய குடும்பக் கார்கள். எல்லோரும் பானெட்டைத் திறந்து எண்ணெய் மட்டம் பார்க்கிறார்கள். இது முக்கியம். கரூசல் என்று கிண்ணம் மாதிரி சாய்ந்த கான்க்ரீட் வளைவு ஒன்று இருக்கிறது. அந்த மாதிரி வளைவுகளில் எண்ணெய் முழுக்க ஒரு பக்கம் ஒதுங்கும். மட்டம் குறைந்திருந்தால் பம்ப் காற்றைக் குடிக்கும். அதற்காக அதிகமாக ஊற்றினாலும் கிராங்க் அதை அடித்து நுரையாக்கிவிடும். உலகத்தின் விலை உயர்ந்த எண்ணெயும், மட்டம் தப்பினால் வெறும் நுரை.

அத்தானும் மட்டம் பார்த்தார். சரியாக இருந்தது. அப்புறம் குனிந்து காருக்கு அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்தார். பத்து நிமிஷம் டீ குடித்தோம். எடுத்துப் பார்த்தால், காகிதத்தின் நடுவே தேன் நிறத்தில் ஒரு சொட்டு.

ஒரே ஒரு சொட்டுதான்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. ஒரு சொட்டுதானே அத்தான், ஒரே ஒரு ரவுண்டு..." என்றேன்.

அத்தான் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட் அவர் பையில் இருந்தது. எனக்காக எடுத்தது.

"நிக்கற வண்டியில ஒரு சொட்டு மாப்ளே. எட்டாயிரம் சுத்துல, 130 டிகிரியில அது ஒரு சொட்டா இருக்காது. திருகு கழண்டா எஞ்சின் போகும், அது என் பணம். ஆனா ரோட்டுல விழற எண்ணெய் என்னுதில்ல, பின்னால வர்றவனுது."

வாஷரே கிடைத்திருந்தாலும் ஐந்தரை லிட்டரையும் இறக்கினால்தான் மாற்ற முடியும். வண்டி நிறுத்துமிடத்தில் அது நடக்காது. பானெட்டை மூடினார். "வா, நடந்து போய் வேடிக்கை பார்க்கலாம்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. டீக் காகிதக் கோப்பையை மட்டும் ரொம்ப நேரம் கசக்கிக்கொண்டே வந்தார்.

*

ப்ரூன்ஷென் என்ற இடத்தில் சரிவான புல்வெளி. சாண்ட்விச், நாய், கேமரா சகிதம் ஜனங்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். நம் ஊர் ஜல்லிக்கட்டு மாதிரி கைதட்டல், ஓசை எல்லாம் உண்டு. கார்கள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் இறங்கி, வலது பக்கம் திரும்பி ஏறிப் போகின்றன.

அரை மணி கழித்து ஒரு வெள்ளி நிறக் கார் வந்தது. பின்னால் நீலப் புகை. ரோட்டில் அது போன வழியெல்லாம் ஒரு கோடு, வெயிலில் மினுமினுவென்று. வேடிக்கை பார்த்தவர்களில் பழைய கைகள் சட்டென்று எழுந்து நின்றார்கள். கையை ஆட்டினார்கள். அடுத்து வந்தது ஒரு சின்ன சிவப்புக் கார். உள்ளே ஓர் இளம் ஜோடி. வளைவில் அந்தக் கோட்டைத் தொட்டதுதான் தாமதம். ஸ்டியரிங் ஒரு பக்கம், கார் இன்னொரு பக்கம். பம்பரம் மாதிரி ஒன்றரைச் சுற்று சுற்றி, புல்லில் ஏறி, தடுப்புக் கம்பிக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. அந்தப் பெண் இறங்கி, கம்பியைத் தாண்டி வந்து, புல்லில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒரு பாட்டி ஃப்ளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். மஞ்சள் விளக்கு, பிறகு தடம் மூடல், மருந்துப் பொடி தூவும் வண்டி, துடைக்கும் வண்டி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

பந்தயக் கொடிகளில் மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட ஒன்று உண்டு. 'ரோடு வழுக்குகிறது' என்று அர்த்தம். எண்ணெய் ஒழுகினால் உடனே ஓரமாக நிறுத்திவிட வேண்டும், 'எப்படியாவது வாசல் வரை ஓட்டிப் போய்விடலாம்' என்று நினைக்கக் கூடாது என்பது இந்தத் தடத்தின் முதல் பாடம். அந்த வெள்ளிக் காரில் ஊற்றியிருந்தது என்ன எண்ணெயோ. உயர்ந்த ரகமாகவே இருந்திருக்கலாம். எஞ்சினுக்கு உள்ளே அமிர்தம். ரோட்டுக்கு வந்துவிட்டால் விஷம்.

அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆட்டோமொபைல் கிளப்புக்குப் போன் செய்தார். 'மஞ்சள் தேவதைகள்' என்று செல்லமாக அழைக்கப்படும் அதன் மெக்கானிக் ஒருவர் மஞ்சள் வேனில் வந்து, அடியில் படுத்துப் பார்த்து, "கசிவுதான், ஒழுக்கு இல்லை. மெதுவாகப் போங்கள், பாதி வழியில் மட்டம் பாருங்கள்" என்றார். அப்படியே போனோம். பாதி வழியில் மட்டம் பார்த்தோம். திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் அத்தான் வாங்கியது வாஷர். ஒரு யூரோகூட ஆகவில்லை. பத்து வாங்கினார்.

*

'எங்கயோ ஜெர்மனி, எங்கயோ பி.எம்.டபிள்யூ., எனக்கென்னய்யா' என்று பக்கத்தைத் திருப்பப் போகிறீர்களா? கொஞ்சம் இருங்கள்.

சென்னையிலும் தடம் இருக்கிறது. சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் விட்ட காலம் போய், 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடம் திறந்தார்கள். அங்கே மைனஸ் 35 டிகிரிக் கவலை கிடையாது. ஆனால் சூட்டுக் கவலை உண்டு, புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணெய்தான் அங்கும். 'நம்ம வெயிலுக்கு கெட்டியா ஊத்து' என்று நாமே டாக்டர் ஆகக் கூடாது. கம்பெனிக்காரர் தன் கையேட்டில் வெயிலுக்கு எது, குளிருக்கு எது என்று பெரும்பாலும் அட்டவணையே கொடுத்திருப்பார்.

உங்கள் வீட்டு மோட்டார் பைக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பைக்குகளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. அதனால்தான் 'ஜாஸோ எம்.ஏ.' என்று போட்ட பைக் எண்ணெய். கார் எண்ணெய் மீந்துவிட்டதே என்று இதில் ஊற்றினால், அதில் வழுக்குவதற்காகச் சேர்த்த மருந்து கிளட்சையும் வழுக்க வைக்கும். எஞ்சின் உறுமும், பைக் நகராது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் பின் சக்கரத்துப் பக்கம் ஒரு சின்ன டம்ளர் அளவுக்குத் தனியாகக் கியர் எண்ணெய் உண்டு. வருஷக்கணக்காக அதைத் திறந்து பார்க்காத வண்டிகள் நம் தெருவிலேயே நிறைய இருக்கும்.

கையேடு எங்கே என்கிறீர்களா? வண்டி வாங்கின அன்று பூஜை செய்து, மஞ்சள் தடவி, பீரோவில் வைத்தீர்களே, அங்கேயேதான் இருக்கிறது. எடுத்துப் படியுங்கள். அடுத்த தடவை மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "நல்ல ஆயிலா ஊத்திரட்டுமா சார்?" என்று கேட்டால், "நல்ல ஆயில் வேணாம்ணே, புக்குல போட்டிருக்கிற ஆயிலா ஊத்துங்க" என்று சொல்லுங்கள்.

அப்படியே, "வாஷர் புதுசா போடுங்க" என்றும்.